புள்ளியியல் துறையின் ஆண்டுச் செய்திகள் தமிழிலும் வரவேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆண்டு நிறைவடையும் இவ்வேளையில் பல்கலைக்கழகத் துறைகள் தங்கள் ஓராண்டுப் பணியைத் தொகுத்துப் பார்ப்பது வழக்கம். விருது பெற்ற பேராசிரியர்கள், முனைவர் பட்டம் பெற்ற மாணவர்கள், புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர்கள், ஏற்கப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள், கிடைத்த ஆய்வு நிதி என்று அத்தொகுப்பு நீளும். மருத்துவம், பொறியியல், கணினியியல் ஆகிய துறைகளின் சாதனைகளைத் தமிழ் வாசகர்கள் அவ்வப்போது செய்தியாகப் படிக்கிறார்கள். புள்ளியியல் துறையில் நடப்பவை மட்டும் நம் பார்வைக்கு அரிதாகவே வருகின்றன. உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் தங்களிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகிறேன். சிங்கப்பூரின் பல்கலைக்கழகங்களில் உள்ள புள்ளியியல் ஆய்வாளர்களும் மாணவர்களும் ஓராண்டில் எந்தெந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டார்கள், அவற்றுக்கு எவ்வழியில் விடை தேடினார்கள் என்பதை விளக்கும் ஒரு பக்கம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் தங்கள் நாளிதழில் இடம்பெற வேண்டும். பெயர்களும் பரிசுகளும் அதில் வரட்டும்; ஆயினும் அப்பெயர்களுக்குப் பின்னால் உள்ள வேலை இன்னதென்று வாசகருக்கு விளங்க வேண்டும் என்பதே என் முதன்மையான கோரிக்கை.

2025ஆம் ஆண்டில் அத்தகைய பக்கத்துக்குப் பொருள் நிறையவே இருந்தது. 1905ல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2025ல் தன் 120ஆம் ஆண்டைக் கண்டது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை வரும் உலகப் புள்ளியியல் நாள் அக்டோபர் 20ஆம் தேதி அனுசரிக்கப்பட்டது. அதே மாதத்தின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் அனைத்துலகப் புள்ளியியல் கழகத்தின் உலக மாநாடு கூடியது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வழங்கப்படும் அனைத்துலகப் புள்ளியியல் பரிசு 2025ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேஸ் வாபாவுக்குக் கிடைத்தது. அவர் அப்பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறையில் 1967ல் சேர்ந்தவர். 2025ல் அவருக்கு வயது 91 ஆனது.

அவர் செய்தது என்ன என்பதை எளிய தமிழில் சொல்ல முடியும். நகரின் ஒரு நாள் வெப்பநிலையை மணிக்கு மணி அளந்து ஒரு தாளில் புள்ளிகளாகக் குறித்தால், அவை ஒழுங்கான கோட்டில் அமையாமல் மேலும் கீழுமாகச் சிதறியிருக்கும். அளவீட்டுப் பிழையும் உண்மையான ஏற்ற இறக்கமும் அவற்றில் கலந்திருக்கும். எல்லாப் புள்ளிகளையும் தொட்டுச் செல்லும்படி வளைகோடு வரைந்தால் பிழையையும் உண்மையாக எடுத்துக்கொண்டவர்கள் ஆவோம். நேர்கோடாக வரைந்தாலோ உண்மையான ஏற்ற இறக்கத்தை இழந்துவிடுவோம். இரண்டுக்கும் நடுவில் கோடு எவ்வளவு நெளியலாம் என்பதை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடாமல், கையில் உள்ள தரவே முடிவுசெய்யும்படி வாபாவும் அவருடன் பணியாற்றியவர்களும் வழிவகுத்தார்கள். ஓர் அளவீட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, மீதமுள்ளவற்றைக் கொண்டு வரைந்த கோடு அதனை எவ்வளவு சரியாக முன்னறிகிறது என்று பார்ப்பது, இவ்வாறே ஒவ்வோர் அளவீட்டுக்கும் செய்து, மொத்தப் பிழை மிகக் குறைவாக உள்ள கோட்டைத் தேர்ந்தெடுப்பது என்பது அம்முறையின் அடிப்படை. இயந்திரக் கற்றல் என்ற பெயரில் இன்று நம் பிள்ளைகள் கணினியில் செய்யும் பயிற்சிகள் பலவற்றுக்குள் இந்தச் சிந்தனை இருக்கிறது. பரிசுத் தொகையையும் பரிசு பெற்றவரின் வயதையும் மட்டும் சொல்லும் இரண்டு வரிச் செய்தியைக் காட்டிலும் இவ்விளக்கம் ஒரு தொடக்கக் கல்லூரி மாணவருக்கு எத்தனையோ மடங்கு பயன்படும்.

ஒரு புள்ளியியல் துறையின் ஓராண்டுச் சாதனைகளை மதிப்பிடும்போது கால அளவு பற்றிய புரிதல் மிகவும் தேவைப்படுகிறது. இத்துறையில் மதிப்புவாய்ந்த இதழ்களுக்கு அனுப்பப்படும் ஒரு கட்டுரை, நடுவர்களின் கேள்விகளுக்கு விடையளித்து, திருத்தி, மறுபடியும் அனுப்பி, அச்சேறுவதற்கு ஓராண்டோ இரண்டாண்டோ ஆவது இயல்பு. அதன் பயன் உலகத்துக்குத் தெரியவர இன்னும் நெடுங்காலம் ஆகலாம். இதற்கு இந்தியப் புள்ளியியல் அறிஞர் கல்யம்புடி ராதாகிருஷ்ண ராவின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று இல்லை. அவர் தம் இருபதுகளின் நடுவில், 1945ல், கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த ஒரே கட்டுரையில் மூன்று பெரிய கருத்துகள் இருந்தன. அக்கட்டுரைக்காக அவருக்கு அனைத்துலகப் புள்ளியியல் பரிசு 2023ல், எழுதி 78 ஆண்டுகள் கழித்து, வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 102. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவர் காலமானார்.

அக்கருத்துகளுள் முதலாவது இன்று கிராமர் ராவ் எல்லை எனப்படுகிறது. ஸ்வீடனின் ஹரால்ட் கிராமரும் தனியே அதனைக் கண்டறிந்ததால் இருவர் பெயரும் சேர்ந்தே வழங்குகின்றன. ஒருபக்கச் சாய்வில்லாத எந்தக் கணிப்பு முறையைக் கையாண்டாலும், கிடைத்த தரவில் உள்ள தகவலின் அளவைப் பொறுத்து, அக்கணிப்பின் சிதறல் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போக முடியாது என்பது அதன் சாரம். எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் இதற்குமேல் துல்லியம் கிடைக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதால், ஒரு கணிப்பு முறை அந்த எல்லையை நெருங்கிவிட்டதென்றால் வேறு முறையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆசிரியராக இருந்த எனக்கு அக்கண்டுபிடிப்பின் பிறப்பு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ராவ் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, மிகப் பெரிய கூறுகளுக்கு, அதாவது மிக அதிகமான அளவீடுகள் கொண்ட மாதிரிகளுக்கு, பொருந்தும் ஒரு முடிவை விளக்கினார். சிறிய கூறுகளுக்கும் இது பொருந்துமா என்று தாண்டேகர் என்ற மாணவர் எழுந்து கேட்டார். அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து ராவ் அதற்கான நிறுவலைக் கண்டார். பின்னாளில் அவரே நினைவுகூர்ந்த நிகழ்ச்சி இது. ஒரு வகுப்பில் மாணவர் எழுப்பும் கேள்வி எந்தத் துறையின் ஆண்டுச் சாதனைப் பட்டியலிலும் இடம்பெறாது. ஆனாலும் அத்தகைய கேள்வி எழக்கூடிய வகுப்பறைகள் ஒரு துறையில் இருக்கின்றனவா என்பதைச் செய்தியாளர் விசாரித்து எழுதலாம் அல்லவா?

ராவின் வழிகாட்டுதலில் கல்கத்தாவில் முனைவர் பட்டத்துக்குப் பயின்றவர்களுள் ஒருவர் நம் தமிழர். 1940ல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்து, இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஆய்வு செய்த எஸ். ஆர். சீனிவாச வரதன் 1963ல் முனைவரானார். அவருடைய ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களுள் நவீன நிகழ்தகவியலுக்கு அடித்தளமிட்ட ரஷ்ய அறிஞர் கோல்மகோரவும் ஒருவர். மிக அரிதாக நிகழக்கூடியவற்றின் வாய்ப்பு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதற்கு ஒரு முழுமையான கோட்பாட்டை நியூயார்க்கின் கூராண்ட் கணித அறிவியல் கழகத்தில் இருந்தபடி உருவாக்கிய வரதனுக்கு, கணிதத்தின் மிக உயரிய பரிசுகளுள் ஒன்றான ஏபெல் பரிசு 2007ல் கிடைத்தது. காப்பீட்டு நிறுவனம் ஒன்று பேரிழப்பைச் சந்திக்கும் வாய்ப்பையும், தொலைத்தொடர்புக் கட்டமைப்பு நெரிசலில் திணறும் வாய்ப்பையும் கணிக்க அக்கோட்பாடு உதவுகிறது. கணித மேதை என்றவுடன் இராமானுசனை நினைக்கும் நம் மாணவர்களுக்கு வரதனின் பெயரும் அதே வேகத்தில் நினைவுக்கு வரவேண்டும் என்பது என் விருப்பம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் 1998ல் கணிதத் துறையிலிருந்து பிரிந்து தனித் துறையாயிற்று. அப்போது நிகழ்தகவியலையும் பெயரில் தாங்கியிருந்த அத்துறை, இப்போது புள்ளியியல், தரவு அறிவியல் துறை என்று வழங்குகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கார்ல் பியர்சன் தலைமையில் உலகின் முதல் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறை 1911ல் தோன்றியதை எண்ணினால் நம்முடையது இளைய துறைதான். எனினும் அத்துறை பிரிவதற்கு முன்பே இங்கு நடந்த ஒரு பணி உலகப் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது. அது லூயி சென் என்னும் சிங்கப்பூர்ப் பேராசிரியரின் பணி.

அரிய நிகழ்வுகள் பல, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் நிகழும்போது, அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ எப்படிப் பரவியிருக்கும் என்பதற்குப் பிரெஞ்சு அறிஞர் புவாசோன் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு விதி தந்தார். உலகில் பல நிகழ்வுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஓர் அடுக்குமாடிப் புளோக்கில் ஒருவருக்கு டெங்கி வந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது. அத்தகைய நிலையில் அந்தப் பழைய விதியைப் பயன்படுத்தினால் எவ்வளவு பிழை நேரும்? ஸ்டான்ஃபோர்டில் தம் ஆசிரியராக இருந்த சார்ல்ஸ் ஸ்டைன் 1972ல் வெளியிட்ட ஒரு புதிய உத்தியை எடுத்துக்கொண்டு, இக்கேள்விக்கு லூயி சென் 1975ல் விடை தந்தார். பிழை இதற்குமேல் போகாது என்று எண்ணாலேயே சொல்லிவிடும் அம்முறைக்குச் சென் ஸ்டைன் முறை என்று பெயர். பின்னர் 1980களின் இறுதியில், இரண்டு டிஎன்ஏ தொடர்களில் ஒரே மாதிரியான நீண்ட பகுதி காணப்பட்டால் அது தற்செயலா, உண்மையான உறவா என்று முடிவுசெய்யும் கணக்குகளில் அது பயன்பட்டது. நான் வகுப்பில் மாணவர்களிடம் அடிக்கடி கேட்ட கேள்வி ஒன்று இதற்கு நெருங்கியது: இந்த வகுப்பில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்குமா? 23 பேர் இருந்தாலே வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். 40 பேர் இருந்தால் ஏறத்தாழ 89 விழுக்காடு. இருவருக்குப் பதில் மூவர் என்று கேட்டவுடன் கணக்கு கடினமாகிவிடும். அங்கே சென் ஸ்டைன் முறை எளிதாகக் கைகொடுக்கிறது. நம் பல்கலைக்கழக வளாகம் உள்ள கெண்ட் ரிட்ஜில் பணியாற்றிய ஒருவரின் பெயர் கொண்ட முறை என்று சொல்லிக் கற்பித்தால் நம் பிள்ளைகளின் கண்கள் மலரும்.

லூயி சென் 2000ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்தின் கணித அறிவியல் கழகத்துக்கு முதல் இயக்குநரானார். உலகின் நிகழ்தகவியல், புள்ளியியல் அறிஞர்கள் கூடும் ஏழாவது உலக மாநாடு 2008 ஜூலையில் சிங்கப்பூரில் நடைபெற்றது. இத்தகைய நிகழ்வுகள் நம் சமூகத்தின் நினைவில் பதியாமல் போனதற்குக் காரணம், அவை நமக்கு எட்டும் மொழியில் சொல்லப்படாததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புள்ளியியல் நம் வீட்டுக்குள் வந்து நிற்கும் வேளைகளும் உண்டு. அவற்றுள் தேர்தல் இரவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். 2015 பொதுத் தேர்தலிலிருந்து, முழு எண்ணிக்கை முடியும் முன்னரே, மாதிரி வாக்கு எண்ணிக்கையின் முடிவைத் தேர்தல் துறை பொதுமக்களுக்கு அறிவித்து வருகிறது. 2025 மே 3ஆம் தேதி நடைபெற்ற பொதுத் தேர்தலிலும் அவ்வாறே அறிவித்தது. ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்தின் வாக்குச் சீட்டுகளிலிருந்தும் எவ்விதத் தேர்வுமின்றித் தற்செயலாக 100 சீட்டுகள் எடுக்கப்படுகின்றன. அந்நிலையத்தில் பதிவான வாக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அவற்றுக்கு எடை தரப்படுகிறது. அவ்வாறு கிடைக்கும் முடிவு, 95 விழுக்காட்டு நம்பிக்கையுடன், உண்மையான முடிவிலிருந்து கூட்டியோ குறைத்தோ 4 விழுக்காட்டுப் புள்ளிகளுக்குள் இருக்கும் என்று தேர்தல் துறை விளக்குகிறது. 2023 அதிபர் தேர்தலில் திரு தர்மன் சண்முகரத்னத்துக்கு மாதிரி எண்ணிக்கை 70 விழுக்காடு என்று காட்டியது. இறுதி முடிவு 70.4 விழுக்காடு.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் முன்னோர் சொன்னது இங்கே பொருந்துகிறது. ஆனால் பானை நன்றாகக் கிளறப்பட்டிருந்தால்தான் பொருந்தும். மேலே வெந்து அடியில் வேகாத பானையில் ஒரு சோறு எதையும் காட்டாது. எல்லா வாக்களிப்பு நிலையங்களிலிருந்தும் எடுப்பதும், சீட்டுகளைத் தற்செயலாக எடுப்பதும், எடை தருவதும் அந்தக் கிளறலுக்கு ஈடான செயல்கள். தொகுதியில் 20,000 வாக்காளர்கள் இருந்தாலும் 150,000 வாக்காளர்கள் இருந்தாலும், மாதிரியின் துல்லியம் பெரும்பாலும் எடுத்த சீட்டுகளின் எண்ணிக்கையையே பொறுத்தது என்பதைக் கேட்டுப் படித்தவர்களும் வியப்படைகிறார்கள். கூறெடுத்தல், அதாவது மாதிரி எடுத்தல், பற்றிய இந்த அறிவை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களுள் முன்னோடியாக நின்றவர், 1931ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ். வங்காளத்தில் சணல் எவ்வளவு பயிரிடப்படுகிறது என்பதை மாதிரி நிலங்களைக் கொண்டு கணிக்க 1930களில் அவர் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாக 1950ல் இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வு பிறந்தது. அந்த நிலங்களுக்கும் தேர்தல் இரவில் நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் எண்ணுக்கும் நடுவே உள்ள பாதையைப் புள்ளியியல் துறையின் ஆசிரியர் ஒருவர் தமிழ் வாசகர்களுக்கு நடந்து காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பெற்றோர்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. 2021க்கு முன் தொடக்கப் பள்ளி இறுதியாண்டுத் தேர்வு எழுதிய பிள்ளைகளுக்கு டி ஸ்கோர் எனப்பட்ட மதிப்பெண் தரப்பட்டது. 250 என்றும் 230 என்றும் நாம் பேசிக்கொண்ட அந்த எண், பிள்ளை வாங்கிய மதிப்பெண்களின் கூட்டுத்தொகை அன்று. ஒவ்வொரு பாடத்திலும் அவ்வாண்டு தேர்வெழுதிய அனைவரின் சராசரியிலிருந்து அந்தப் பிள்ளை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை, மதிப்பெண்களின் சிதறலால் வகுத்து, பத்தால் பெருக்கி, ஐம்பதைக் கூட்டி, நான்கு பாடங்களுக்கும் சேர்த்துப் பெற்ற எண் அது. ஆகவே ஒரு பிள்ளையின் டி ஸ்கோர் மற்றப் பிள்ளைகள் எழுதியதையும் சார்ந்திருந்தது. 2021 முதல் நடப்பில் உள்ள அடைவுநிலை முறையில், ஒரு பிள்ளை பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டே பாடத்துக்கு 1 முதல் 8 வரை நிலை தரப்பட்டு, மொத்தம் 4 முதல் 32 வரை அமைகிறது. பழைய முறை பிள்ளைகளை மிக நுண்ணியதாகப் பிரித்துக் காட்டியது. அந்த நுண்மைக்கு உண்மையான பொருள் இருந்ததா என்பது புள்ளியியலின் மையமான கேள்வி. இரண்டு எண்களுக்கிடையே உள்ள வேறுபாடு, தற்செயலான ஏற்ற இறக்கத்தைவிடப் பெரியதா என்று கேட்கும் பழக்கம் நம் குடும்பங்களில் பரவியிருந்தால் எத்தனையோ பிள்ளைகளின் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் மிக அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010ல் 3.3 விழுக்காடாக இருந்து 2020ல் 2.5 விழுக்காடாகக் குறைந்தனர். இச்செய்தி வந்தபோது நம்மில் பலருக்கு மனம் கனத்தது, எனக்கும் அப்படியே. அக்கணக்கெடுப்பில் இரண்டாவதாகப் பேசும் மொழியும் கேட்கப்பட்டது என்பதும், வீட்டில் ஆங்கிலத்தை அதிகம் பேசுவோரில் பெரும்பான்மையோர் தாய்மொழி ஒன்றையும் சேர்த்தே பேசுகிறார்கள் என்பதும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. இரண்டு தகவல்களும் உண்மை. முதல் எண் தரும் கவலையை இரண்டாவது அழித்துவிடாது. எங்கே முயற்சி தேவை என்பதைக் காட்டும். எந்தக் கேள்வி கேட்கப்பட்டது என்று அறியாமல் விடையாக வந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மொழியின் எதிர்காலத்தைப் பற்றி முடிவுக்கு வரக் கூடாது.

தரவரிசைகளைப் பற்றியும் ஒன்று கூற அனுமதியுங்கள். 2025 ஜூன் மாதம் வெளியான கியூஎஸ் உலகப் பல்கலைக்கழகப் பட்டியலில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 8ஆம் இடத்தில் இருந்தது. அது பெருமைக்குரியதே. ஆனால் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் வரிசைப்படுத்தும் பட்டியல்களை ஆராய்ந்து புள்ளியியலாளர்களான ஹார்வி கோல்ட்ஸ்டைனும் டேவிட் ஸ்பீகல்ஹால்டரும் 1996ல் எழுதியது இன்றும் செல்லும்: ஒவ்வோர் இடத்துக்கும் உரிய ஐயப்பாட்டின் அளவையும் சேர்த்து வரைந்தால், பட்டியலின் நடுவில் உள்ள பெரும்பாலானவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாது. நம் கல்வி அமைச்சும் 2012ல் உயர்நிலைப் பள்ளிகளைத் தேர்ச்சி அடிப்படையில் அடுக்கும் முறையைக் கைவிட்டது. தொடக்கப் பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் முதலிடம் பெற்றவரின் பெயரை வெளியிடுவதையும் அதே ஆண்டு நிறுத்தியது. ஒரு புள்ளியியல் துறையைப் பற்றி எழுதும்போது, அத்துறையே எச்சரிக்கும் அளவுகோலால் அதனை அளந்துவிடக் கூடாது. எத்தனை கட்டுரை, எத்தனையாம் இடம் என்பதோடு நின்றுவிடாமல், ஒரு முனைவர் பட்ட மாணவர் நான்கு ஐந்து ஆண்டுகள் எந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டினார், அவர் எதிர்பார்த்தது பலித்ததா, பலிக்காதபோது என்ன செய்தார் என்று கேட்டு எழுதுவதையே நான் வேண்டுகிறேன். எதிர்பார்த்த விளைவு கிடைக்காத ஆய்வும் வெளியே தெரியவேண்டும் என்பது இத்துறையினர் மற்ற அறிவியல் துறைகளுக்குத் தொடர்ந்து வலியுறுத்தும் நெறி.

சில பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு: புள்ளியியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? புள்ளிவிவரத் துறை, நாணய வாரியம், மருத்துவமனைகளின் ஆய்வுப் பிரிவுகள், வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் என்று விடை நீளமானது. ஒரு புதிய மருந்து பயனுள்ளதா என்று சோதிக்கும் ஆய்வில் எத்தனை நோயாளிகள் இருக்க வேண்டும் என்பதை முதலில் கணக்கிடுபவர் புள்ளியியலாளர்தான். மேல்நிலைத் தேர்வின் எச்2 என்னும் பாடநிலைக் கணிதத்தில் நிகழ்தகவும் புள்ளியியலும் கணிசமான பங்கு வகிக்கின்றன. அப்பகுதியை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காமல் விரும்பிப் படிக்கும் மாணவர் இத்துறைக்குப் பொருத்தமானவர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் வேறு துறைகளில் சேரும் இளநிலை மாணவர்களில் பெரும்பாலானோரும் இப்போது தரவுகளைக் கொண்டு பகுத்தாராயும் பொதுப் பாடம் ஒன்றைப் படிக்கிறார்கள். எனவே இது ஒரு சிறு குழுவின் அக்கறை என்ற நிலை மாறிவிட்டது. வீட்டில் தாத்தாவும் பாட்டியும் பெற்றோரும் தமிழில் செய்தி படிக்க, பிள்ளை ஆங்கிலத்தில் இப்பாடத்தைப் படிக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஒரே மேசையில் அமர்ந்து அவர்கள் இதைப் பற்றிப் பேசிக்கொள்ள வேண்டுமானால் பெரியவர்களுக்கும் அப்பொருள் தமிழில் கிடைக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தைத் தயாரிப்பது எளிதன்று என்பதை அறிவேன். ஆய்வாளர்கள் தங்கள் வேலையை ஆங்கிலத்தில் விளக்கவே தயங்குவார்கள். செய்தியாளருக்கோ கால நெருக்கடி. இருப்பினும் இத்துறைகளில் தமிழ் பேசும் மாணவர்களும் விரிவுரையாளர்களும் இருக்கவே செய்கிறார்கள். ஒருவரை அழைத்து, உங்கள் ஆய்வை உங்கள் அம்மாவுக்கு எப்படிச் சொல்வீர்கள் என்று தமிழிலேயே கேட்டால் போதும்; அவர் திணறித் திணறிச் சொல்லும் விடையிலிருந்தே நல்ல கட்டுரை பிறக்கும். எண் ஒன்று வெளியிடப்படும்போது, அது எத்தனை பேரிடமிருந்து, எவ்வாறு திரட்டப்பட்டது, எவ்வளவு கூடலாம் அல்லது குறையலாம் என்னும் ஒரு வரியையும் நாளிதழ் தொடர்ந்து சேர்த்து வந்தால், அதுவே வாசகர்களுக்கு ஆண்டு முழுவதும் நடக்கும் பாடமாகிவிடும்.

பட்டமளிப்பு விழாக்கள் வழக்கமாக ஜூலை மாதத்தில் நடைபெறுகின்றன. அவ்வேளையில் அவ்வாண்டுக்குரிய முனைவர் பட்டதாரிகளும் இளநிலைப் பட்டதாரிகளும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள், குடும்பத்தாரும் உடனிருப்பார்கள். வரும் ஜூலையில் முதல் பக்கத்தை வெளியிடத் தாங்கள் முடிவுசெய்தால், கட்டுரைகளை முன்கூட்டியே படித்துக் கலைச்சொற்களையும் கணக்குகளையும் சரிபார்த்துத் தர நானும் என்னுடன் பணியாற்றி ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்கள் சிலரும் ஊதியம் எதிர்பாராமல் ஆயத்தமாக உள்ளோம். தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு சொல் வந்தால் நேரில் வந்து பேசுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், ஈசூன், சிங்கப்பூர்